இரண்டுங்கெட்டான் டயர்

ஓடைக்காட்டுப்புதூருக்குத் தார்ச்சாலை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்கால் மணிக்கு. முப்பத்தொரு வருஷம் மனு எழுதியும், மூன்று கட்சிக்காரர்களிடம் மண்ணைத் தொட்டுச் சத்தியம் வாங்கியும் வராத சாலை, தெய்வசிகாமணியின் பழைய சிவப்புக் காருடைய நான்கு டயர்களிலும் ஒட்டிக்கொண்டு, நன்றாக வெந்த தோசை கல்லைவிட்டுக் கிளம்புவதுபோல விளிம்பிலிருந்து சரசரவென்று பெயர்ந்து, பதினாறு கிலோமீட்டர் வண்டிக்குப் பின்னாலேயே இழுபட்டு வந்து, அவர் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் தானும் ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது. நீளம் நாற்பத்திரண்டு அடி. நடுவில் வெள்ளைக்கோடு இருந்தது. ஓரத்தில் ‘கோவை 6’ என்று எழுதிய மைல்கல், பிடுங்கி நட்ட தென்னம்பிள்ளைபோலச் சற்றே சாய்ந்து நின்றது.

சத்தம் கேட்டு வெளியே வந்த அவர் மனைவி கருணாம்பிகை, முதலில் சாலையைப் பார்த்தாள், பிறகு கல்லைப் பார்த்தாள், கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள்.

“எங்க போனாலும் ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கிட்டு வர மாட்டீங்க. இன்னிக்கு ரோட்டையே கொண்டாந்துட்டீங்களாக்கும்.”

“நானா கொண்டாந்தேன்? அதுவா வந்துருச்சு அம்பிகா.”

“தெருநாயி பின்னால வந்தப்பவும் இதையேதான் சொன்னீங்க.”

தெய்வசிகாமணிக்கு வயது நாற்பத்தொன்பது. பம்ப் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் வேலை; அதாவது ஒரு மோட்டாரைத் தொட்டிக்குள் இறக்கி, அது எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுகிறது என்று பார்த்து, பார்த்ததை எழுதிவைத்து, அதைத் தூக்கிவிட்டு அடுத்த மோட்டாரை இறக்குவது, இருபத்தாறு வருஷமாக. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் கோவைக்குச் சற்று முன்னால் இருக்கிற பந்தய மைதானத்துக்குப் போய், பழைய வண்டிக்காரர்களுக்கென்று நடக்கும் பன்னிரண்டு சுற்றுப் பந்தயத்தில் ஓட்டிவிட்டு வருவார். அந்தப் பக்கத்தில் இது ஒன்றும் விசேஷமில்லை. சில ஊர்களில் சேவல் வளர்க்கிறார்கள், கோவைச் சுற்றுப்புறத்தில் சிலர் கார் வளர்க்கிறார்கள், இரண்டிலும் வீட்டில் இருப்பவர்கள் படுகிற பாடு ஒன்றுதான்.

கருணாம்பிகையின் சிறுநீரகங்கள் இரண்டும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே மாதத்தில் கைவிட்டுவிட்டன. அதிலிருந்து திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு அவள் கோவை ஆஸ்பத்திரியில் மெஷின் பக்கத்தில் படுத்தாக வேண்டும்; நான்கு மணி நேரம் ரத்தம் வெளியே போய் உள்ளே வரும். கூட்டிக்கொண்டு போவதும் கொண்டுவந்து விடுவதும் தெய்வசிகாமணி. அதற்காகவே கம்பெனியில் கெஞ்சி நிரந்தரமாக மதிய ஷிஃப்ட் வாங்கியிருந்தார். போகிற வண்டியும் அதே சிவப்பு வண்டி. ஆறு நாள் கம்பெனிக்கு, அதில் மூன்று காலை ஆஸ்பத்திரிக்கு, மிச்சமிருக்கிற ஞாயிறு அவருக்கு என்று ஒரு வாரம் ஓடியது; அந்த ஞாயிறு இல்லாவிட்டால் மற்ற ஆறையும் எதை நம்பித் தாண்டுவது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆக, ஒரே வண்டிக்கு இரண்டு வேலை. வண்டி ஒத்துக்கொண்டது, டயர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பந்தய டயர் மிருதுவானது, பட்டன் என்கிற ரப்பர் மேடுகள் குறைவு, சூடேறினால் தரையை அட்டைபோலப் பிடிக்கும், மழையில் சோப்புபோல வழுக்கும், ஒரு வருஷத்தில் மொட்டையாகிவிடும். தெரு டயர் கெட்டியானது, பட்டனும் பள்ளமுமாகத் தண்ணீரைப் பிரித்துவிடும், ஐந்து வருஷம் உழைக்கும், பந்தய வளைவில் கொண்டுபோய்த் திருப்பினால் பன்றி கத்துவதுபோலக் கத்தும். ஒன்றின் குணம் மற்றதன் குற்றம். பழைய பாட்டுகளில் தலைவனின் தேர் காதலியைப் பார்க்கப் போகும்போது ஓசையில்லாமல் மணலில் ஓடும், போர்க்களத்தில் அதே தேர் யானைகளின் மேல் ஏறி இறங்கும். இடையில் சக்கரத்தை மாற்றினானா என்று புலவர்கள் யாரும் சொல்லவில்லை, எதையும் விடாத உரையாசிரியர்களும் இதை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

சூலூர் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் சிக்கந்தர் ராவுத்தர் இதைத் தன் பாணியில் சொன்னார்: “அண்ணா, ஒரே செருப்பு வேணுங்கறீங்க. கல்யாணத்துக்கும் போட்டுட்டுப் போகோணும், அப்படியே நாத்து நடவும் எறங்கோணும்.”

“ரெண்டு செட்டு வாங்கி மாத்திக்கலாம் பாய். சனிக்கிழமை நாலு, ஞாயித்துக்கிழமை நாலு. என் இடுப்பு தாங்காது.”

“அப்ப ஒரு பக்கம் சாயுங்க. எந்தப் பக்கம்னு நீங்கதான் சொல்லோணும்.”

தெய்வசிகாமணி பந்தயத்தின் பக்கம் சாய்ந்தார். ரோட்டில் ஓட்டவும் சட்டம் அனுமதிக்கிற, ஆனால் மனசெல்லாம் மைதானத்தில் இருக்கிற டயர் ஒன்று உண்டு. மூன்று நான்கு கோடுகளைப் பேருக்குக் கீறிவிட்டு மீதியை மொட்டையாக விட்டிருப்பார்கள். அந்த நான்கைப் போட்டுக்கொண்டு முதல் ஞாயிறு ஓடியபோது அவர் மூன்றாவதாக வந்தார். டயரை ஆறவிடாமல் அந்தச் சூட்டோடு வீட்டுக்குக் கிளம்பினார். சாலை கூடவே வந்தது.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாலை எப்படி வந்தது என்று கேட்டவர்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருவர் கணக்கு வாத்தியார், ரப்பர் சூட்டில் இளகும் என்று ஆரம்பித்து மரம், பால், கந்தகம் என்று போய்க்கொண்டிருந்தபோது கூட்டம் சாலைமேல் நடக்கப் போய்விட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். வெள்ளைக்கோட்டை யாரும் மிதிக்கவில்லை, அது சாமிக்குரியது என்பதுபோலத் தாண்டிப் போனார்கள். கல்யாணமாகாத பையன்களின் வீட்டார் மைல்கல்லைப் பிடித்துக்கொண்டார்கள். பெண் வீட்டார் வந்தால் முதலில் அந்தக் கல்லைக் காட்டி, “பாருங்க, கோயமுத்தூருக்கு ஆறே கிலோமீட்டர்” என்றார்கள். அந்த ஆவணியில் மட்டும் நான்கு நிச்சயதார்த்தம் நடந்தது. இருபத்திரண்டு கிலோமீட்டரைக் கடந்து வந்து சேர்ந்த பெண்கள், எழுத்தில் இருப்பதை மறுத்துப் பேசத் துணியவில்லை.

பஞ்சாயத்துத் தலைவர் ரத்தினாத்தாள், மாவு மில் நடத்துகிறவர், காலடி வைத்துச் சாலையை அளந்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“தெய்வம், அடுத்த ஞாயித்துக்கிழமையும் பந்தயம் இருக்குதா?”

“இருக்குதுங்க அக்கா.”

“போறயல்லோ?”

“போறதுதானுங்க.”

“மூணாவதா வந்ததுக்கு நாப்பத்திரண்டு அடி. மொதலா வந்தா எவ்வளவு வரும்?”

தெய்வசிகாமணி சிரித்தார். அடுத்த வாரம் முதலாவதாக வந்தார்; நூற்றுப் பத்து அடி வந்தது. அதற்கடுத்த வாரம் கடைசிச் சுற்றில் வழுக்கி ஏழாவதாக வந்தார்; பதினெட்டு அடி. டயரின் சூடுதான் சாலையின் நீளம் என்பது தெரிந்துபோனதும் அவர் சிரிப்பது நின்றது. ஏனென்றால் அதற்கடுத்த ஞாயிறு மைதானத்தில் இரண்டு மினி லாரி நிறைய ஓடைக்காட்டுப்புதூர் நின்றது. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வந்திருந்தார்கள். அவர் வளைவில் பிரேக் போட்டால், “ஏன்ரா புடிக்கிற, மேட்டுத்தெரு இன்னும் மண்ணாத்தாண்டா கெடக்குது!” என்று யாரோ கத்தினார்கள். அவர் இருபது வருஷமாகத் தனக்கென்று வைத்திருந்த ஒரே சத்தம் அந்த எஞ்சின் சத்தம். இப்போது அதற்குள் மேட்டுத்தெரு, பள்ளத்தெரு, கோயில் வீதி எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டன. ஜெயித்து இறங்கினார். மாலையைப் போட்டார்கள், போட்டவர், “ஆறுறதுக்குள்ள கெளம்புங்க, கெளம்புங்க” என்று மறுபடியும் வண்டிக்குள்ளேயே தள்ளினார்.

எந்த இடத்தில் பிரேக்கை அழுத்தி விடுகிறாரோ அந்த இடத்துச் சாலைதான் ஒட்டுகிறது என்பது புரட்டாசி வாக்கில் தெரிந்தது. உடனே, எங்கே அழுத்துவது என்று முடிவு செய்ய மாவு மில்லில் ஒரு ராத்திரி கூட்டம் கூடியது. தெய்வசிகாமணி ஷிஃப்ட் முடிந்து வந்து, மூட்டைமேல் சாய்ந்து, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கருணாம்பிகை வரவில்லை, மெஷினில் இருந்து வந்த நாள்களில் அவள் ராத்திரியும் படுத்துத்தான் கிடப்பாள்.

“நால்ரோட்டு முக்குல எடுக்கலாமுங்களா?”

“அங்க எங்க சம்பந்தி கடை இருக்குது.”

“பள்ளிக்கூடத்துக்கு முன்னால?”

“கொழந்தைங்க நடக்கற எடம். பாவம் புடிக்கும்.”

“அட, சுடுகாட்டுக்கும் வறட்டுக்குளத்துக்கும் நடுவுல ஒரு பர்லாங் கெடக்குதே. ஒரு குடி இல்ல, ஒரு கடை இல்ல.”

“அங்க இருக்கறவங்க மனுக் குடுக்க மாட்டாங்க,” என்றார் ரத்தினாத்தாள், மில்லே சிரித்தது.

யாருக்கும் கஷ்டமில்லாத இடம் என்று எல்லோரும் கையைத் தூக்கினார்கள். தெய்வசிகாமணியும் தூக்கினார். இதில் வஞ்சகம் ஒன்றும் கிடையாது. சுடுகாட்டுச் சாலை, ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலை என்பது ஊரில் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அது ஒரே ஒரு வீட்டாருக்குத்தான் ஆஸ்பத்திரி வழி. அவருக்குத் தோன்றாததுதான் விசித்திரம். ஆனால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாலை வேறு, திங்கட்கிழமைச் சாலை வேறு. ஒன்றில் அவர் தனியாகப் போவார், ஜன்னலைத் திறந்துவிட்டு. மற்றதில் நாற்பதுக்கு மேல் போகமாட்டார். இரண்டும் ஒரே தார், ஒரே புளியமரங்கள் என்று நினைத்துப் பார்க்க ஒரு மனிதனுக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும்.

அந்த ஞாயிறு நூற்றிருபது அடி வந்தது, கூடவே ‘சுடுகாடு’ என்று பெயர் எழுதிய பஸ் ஸ்டாப் ஒன்றும், அதன் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவரும். ஏஜெண்ட் விழித்துப் பார்த்து, ஊர் புதிது என்று கண்டு, நான்கு நாள் தங்கி பதினோரு பேருக்குப் பாலிசி எழுதினார். ஐந்தாம் நாள் பஸ் வந்தது. ஸ்டாப் எங்கே இருக்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் டிரைவருக்குத் தெரிந்த சட்டம். அவர் ஸ்டாப்பைத் தேடிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டார். “சுடுகாடு எறங்கு, சுடுகாடு எறங்கு” என்று கண்டக்டர் கத்த, ஓடைக்காட்டுப்புதூர் ஜனங்கள் வாழ்நாளில் முதல்முறையாகத் தங்கள் ஊரிலேயே பஸ் இறங்கி, கண் கலங்கி வீட்டுக்குப் போனார்கள்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, அந்த இடம் வந்தபோதுதான் தெய்வசிகாமணிக்கு உறைத்தது. தார் இல்லை. செம்மண். வண்டி இறங்கி, குலுங்கி, ஏறியது. ஊசி குத்துகிற இடது கையைக் கருணாம்பிகை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“இதென்னங்க, குழி?”

“ரோட்டு வேலை நடக்குதாட்ட இருக்குது,” என்றார்.

தமிழ்நாட்டில் சாலை தோண்டிக் கிடந்தால் சொல்லப்படும் காரணம் அது ஒன்றுதான் என்பதால் அவள் நம்பினாள். அன்றைக்கே ஊரில் சொல்லி நிறுத்தியிருக்கலாம். சொல்லவில்லை. காய்ந்த மண்தானே, நூற்றிருபது அடிதானே என்று முதல் வாரம் நினைத்தார். பஸ் வந்துவிட்டதே, இனி எப்படி என்று அடுத்த வாரம் நினைத்தார். அதற்கெல்லாம் அடியில், யாருக்கும் சொல்லாத இடத்தில், முதலாவதாக வருவது அவருக்குப் பிடித்திருந்தது. களைப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் பிடித்திருந்தது. ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பர்லாங் முழுக்க ஓடைக்காட்டுப்புதூரில் வந்து படுத்துவிட்டது.

பிறகு ஐப்பசி வந்தது. வெள்ளி மத்தியானம் பிடித்த மழை ஞாயிறு பந்தயத்தை நனைத்து நிறுத்திவிட்டு, திங்கள் காலையிலும் விடவில்லை. ஆறு பத்துக்குச் செம்மண் சேற்றில் சிவப்பு வண்டி இறங்கியது, இருபதடி போயிற்று, பின்பக்கம் ஒரு முறை எருமைபோல ஆட்டிவிட்டு நின்றது. தெய்வசிகாமணி முன்னால் முயன்றார், பின்னால் முயன்றார், முழங்கால் சேற்றில் இறங்கிப் புளியங்கிளையை ஒடித்துப் போட்டு முயன்றார். பட்டன் இல்லாத டயர் நின்ற இடத்திலேயே சுற்றியது. சாலையைத் தோலுரிக்கிற டயருக்குச் சேற்றில் பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார். வைப்பர் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. மணி ஆறு நாற்பது.

“ஏனுங்க,” என்றாள் கருணாம்பிகை. “ரோட்டு வேலை நடந்தா ஒரு ஜல்லிக் குமி இருக்கோணும். ஒரு தார் டின் இருக்கோணும். ஒரு மாசமா ஒண்ணத்தையும் காணமே.”

அவர் வைப்பரை நிறுத்தினார்.

“இங்க இருந்த ரோடு எங்க போச்சு?”

“நம்ம வாசல்ல கெடக்குது.”



“நேத்து சாயங்காலம் கொடையப் புடிச்சுட்டு அதுமேலதான் செருப்பில்லாம நடந்தேன்,” என்றாள். “குளுகுளுன்னு இருந்துச்சு.”

“அம்பிகா...”

“மொதலா வந்தீங்களே, அதுவா இது?”

“ம்.”

அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவ்வளவுதான். எட்டரைக்கு ஒரு டிராக்டர் வந்து இழுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் முறை போய்விட்டிருந்தது. அவளுடைய மெஷினில் பல்லடத்துக்காரர் ஒருவர் படுத்திருந்தார். நர்ஸ் பரிதாபப்பட்டு மத்தியானம் இரண்டே இரண்டு மணி நேரம் கொடுத்தாள். செவ்வாய் முழுக்கக் கருணாம்பிகை கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தாள். தெய்வசிகாமணி கம்பெனிக்குப் போகாமல் எதிரே உட்கார்ந்திருந்தார். வாசலில் பஸ் வந்து நின்று, ஆளை இறக்கி, ஏற்றிக்கொண்டு போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. புதன்கிழமை இன்னொருத்தர் வண்டியில், வேறு ஊர்களைச் சுற்றிக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பிப் போனார்கள்.

வியாழக்கிழமை ராவுத்தர் கடைக்கு மூன்று பேர் போனார்கள். தெய்வசிகாமணி டயர் மாற்றப் போனார். கருணாம்பிகை, “இந்தத் தடவ நானும் வர்றேன்” என்று தானாக முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். விஷயம் தெரிந்து ரத்தினாத்தாள் பஸ் பிடித்துப் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

“தெய்வம், நாங்க ஆரும் தெரிஞ்சு செய்யல,” என்றார் ரத்தினாத்தாள், மூச்சு வாங்க. “அந்த வழி உங்க வழிங்கறது எம் மண்டைல ஏறவே இல்ல. ஆனா பஸ் வந்துருச்சு பாரு. எம் மருமவ பிரசவத்துக்கு நான் கட்டில்ல தூக்கிட்டுப் போனேன், மாட்டு வண்டி கூட எறங்காத சேத்துல. முப்பத்தொரு வருசம். இப்ப டயர மாத்திப்போட்டா எல்லாம் நின்னு போயிரும்.”

“தெரு டயரே போடுங்க பாய்,” என்றார் தெய்வசிகாமணி. “கெட்டியா, நெறையப் பட்டனோட. பந்தயம் போதும்.”

அதைச் சொன்னபோது அவர் குரல், தொட்டியிலிருந்து தூக்கிய மோட்டார்போலச் சொட்டிக்கொண்டிருந்தது. ராவுத்தர் தலையைச் சொறிந்தார். கருணாம்பிகை இவர்கள் யாரையும் பார்க்காமல், சுவரோரம் அடுக்கியிருந்த டயர்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி, தக்காளி பொறுக்குவதுபோலப் பார்த்துக்கொண்டே போனாள். ஒன்றின் முன்னால் நின்றாள்.

“இது என்னங்க பாய்? அதுமாதிரி மெத்துன்னும் இல்ல, இதுமாதிரி கெட்டியாவும் இல்ல.”

“அது இரண்டுங்கெட்டானுங்க அக்கா. ரேஸ்காரன் வந்தா ரோட்டு டயரும்பான், ரோட்டுக்காரன் வந்தா ரேஸ் டயரும்பான். ரெண்டு வருசமா இங்கயே கெடக்குது.”

“எதுக்கு ஆகும்?”

“எதுக்கும் ஆகாது. அதாவது, எல்லாத்துக்கும் கொஞ்சம் ஆகும்.”

“எங்கூட்டுக்காரராட்டவே இருக்குது,” என்றாள். “மழைல நிக்குமா?”

“நாப்பதுல போனா நிக்கும்.”

“பந்தயத்துக்குப் போலாமா?”

“போலாம். ஜெயிக்க முடியாதுங்க.”

கருணாம்பிகை புருஷனைப் பார்த்தாள். “ஞாயித்துக்கிழமையும் நீங்க ஊட்ல இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சுரும். போயிட்டு வாங்க, தோத்துட்டு வாங்க.” பிறகு ரத்தினாத்தாள் பக்கம் திரும்பினாள். “அக்கா, உங்களுக்கு ரோடு வேணும். எனக்கும் வேணும். எனக்கு வாரத்துல மூணு காத்தால வேணும், ஏழு மணிக்குள்ள. மிச்சம் நீங்க வெச்சுக்கங்க.”

“அது எப்படி அம்மிணி, ஒரே ரோட்ட ரெண்டு எடத்துல போடறது?”

“அது எனக்கென்ன தெரியும்? டயரத்தானே கேக்கோணும்.”

டயர் அதைக் கேட்டிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு வண்டி வாசலைவிட்டு நகர்ந்தபோது, பந்தயச் சூடு எதுவும் இல்லாமலே, ஈர வேட்டியைக் கொடியிலிருந்து உருவுகிற சத்தத்தோடு சுடுகாட்டுச் சாலை முழுக்கக் கிளம்பிப் பின்னால் வந்தது, பஸ் ஸ்டாப் உட்பட. செம்மண் வந்ததும் அது வண்டியை முந்திக்கொண்டு முன்னால் போய், பந்தியில் பாய் விரிப்பதுபோலத் தன் பழைய இடத்தில் விரிந்து கொடுத்தது. நடுச்சாலையில் ஒரு சாலையாலேயே முந்தப்பட்ட பந்தயக்காரர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். மழை பெய்தது, டயர் நின்றது, ஆறு ஐம்பதுக்குக் கருணாம்பிகை மெஷின் பக்கத்தில் படுத்தாள். மத்தியானம் திரும்பி வரும்போது அந்தச் சாலை, மேய்ந்து முடித்த மாடு கொட்டிலுக்கு வருவதுபோல, கூடவே வந்து வாசலில் படுத்தது. பிடித்ததை விடாமல் வைத்துக்கொள்ளும் வைராக்கியம் அந்த டயருக்கு இல்லை. விட்டதை அப்படியே விட்டுவிடவும் மனசு வரவில்லை.

ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. மாவு மில் சுவரில் சாலை நேரம் எழுதி ஒட்டினார்கள்: திங்கள், புதன், வெள்ளி காலை ஐந்து நாற்பது முதல் பகல் பன்னிரண்டரை வரை சாலை இல்லை. அந்த நேரத்தில் பஸ் ஏறவேண்டியவர்கள் சுடுகாட்டுக்கு நடந்துபோய் ஏறினார்கள். சுடுகாட்டுக்குப் போகவேண்டியவர்கள் இறுதி ஊர்வலத்தை அந்த மூன்று நாளில் வைத்துக்கொண்டால் நல்ல சாலையாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். முகூர்த்தம் குறிக்கிற ஜோசியர் ராகுகாலம், எமகண்டத்தோடு இதையும் ஒரு கட்டத்தில் சேர்த்துக்கொண்டார். புதுப்பெண்ணொருத்தி கோலம் போட்டுவிட்டு உள்ளே போய்த் திரும்பி வந்து பார்த்தால் கோலம் சாலையோடு போயிருந்தது. மத்தியானம் கொஞ்சமும் கலையாமல் திரும்பி வந்தது. முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். முழுச்சாலை கிடைத்த பிறகு அரைச்சாலைக்கு இறங்குவது எந்த ஊருக்கும் சுலபமில்லை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு மினி லாரி வருவது நின்றுவிட்டது. தெய்வசிகாமணி பதினொன்றாவதாக வந்தார், பதிமூன்றாவதாக வந்தார், ஒருமுறை இரண்டு வண்டிகள் மோதி நின்றதால் ஒன்பதாவதாக வந்தார். அவருடைய எஞ்சின் சத்தம் அவருக்கே திரும்பக் கிடைத்தது. அதைக் கேட்கிற தெம்புதான் சில ஞாயிற்றுக்கிழமைகளில் இருக்கவில்லை.

தை மாதம் மக்காச்சோளம் அறுத்தார்கள். அறுத்த சோளத்தைக் காயப்போட ஊரில் அந்தச் சாலையைவிட நல்ல களம் இல்லை என்பதால், திங்கள், புதன், வெள்ளியில் பன்னிரண்டு மணிக்கே ஜனங்கள் மூட்டைகளோடு ஓரத்தில் வந்து நின்றுகொண்டு சாலைக்காகக் காத்திருப்பது வழக்கமாயிற்று.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, மெஷினில் கருணாம்பிகைக்குப் பிரஷர் இறங்கி, இரண்டு முறை நிறுத்தி நிறுத்திப் போட்டு, முடியும்போது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. வண்டியில் ஏறிச் சீட்டில் சாய்ந்தாள். மைதானத்தைத் தாண்டியதும் தூங்கிவிட்டாள். தலை சீட்டில் நிற்காமல் கண்ணாடிப் பக்கம் சரிந்து, கண்ணாடிக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. பிரேக்கைத் தொட்டால் முன்னால் போகும், திருப்பினால் இடிக்கும். தெய்வசிகாமணி நாற்பதிலிருந்து முப்பதுக்கு இறங்கினார். வளைவு வருவதற்கு நெடுநேரம் முன்பே காலை எடுத்து, வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கும் உள் ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்கும், ஸ்டீயரிங்கைத் திருப்புவது ஸ்டீயரிங்குக்கே தெரியாதபடி போனார். பின்னால் வந்த கரும்பு லாரி ஹாரன் அடித்துவிட்டு முந்திக்கொண்டு போனது. பிறகு ஒரு மொபெட் முந்தியது. பிறகு, தலையில் புல்லுக்கட்டோடு சைக்கிள் மிதித்த ஒருவர். இருபத்திரண்டு கிலோமீட்டரில் பதினேழு வளைவுகள். பதினேழிலும் அவள் தலை அந்த விரற்கடையைத் தாண்டவில்லை. சாலை பின்னால் இழுபட்டு வருகிற சத்தமும் அன்றைக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றே முக்கால். ஊரே மூட்டையும் முறமுமாக வெயிலில் நின்றுகொண்டிருந்தது. ரத்தினாத்தாள் கையை ஓங்கிக்கொண்டு, “ஏந் தெய்வம், மணி என்ன...” என்று ஆரம்பித்தவர், கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். ஓங்கிய கை அப்படியே திரும்பி உதட்டில் வந்து நின்றது. அந்த விரல் ஒவ்வொரு உதடாகத் தெருவின் கடைசிவரை போயிற்று. சாலை படுத்துக்கொண்டது. பெண்கள் மூட்டையை அவிழ்த்து, கொட்டாமல், கை கையாக அள்ளி, குழந்தைக்குப் பருப்புச் சாதம் பிசைந்து வைப்பதுபோலச் சோளத்தைத் தாரில் வைத்துப் பரப்பினார்கள். வாசல் பக்கத்திலிருந்து பரப்பிக்கொண்டே வந்தார்கள். வண்டியைச் சுற்றிப் பரப்பினார்கள். டயரை ஒட்டி, கதவுக்குக் கீழே வரை பரப்பினார்கள். பஸ் தூரத்திலேயே நின்று எஞ்சினை அணைத்தது.

தெய்வசிகாமணி சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். கதவைத் திறந்தால் சோளத்தில்தான் கால் வைக்க வேண்டும். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சளாகக் காய்ந்துகொண்டிருக்க, அவர் ஸ்டீயரிங்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, அவளாக விழிக்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தார்.